சீப்புக்கால் சிலந்திகள்: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீப்புக்கால் சிலந்திகளின் குடும்பமான தெரிடியிடேயில் 120-க்கும் மேற்பட்ட பேரினங்களும் 2,500-க்கும் மேற்பட்ட இனங்களும் பதிவாகியிருக்கின்றன. புதிதாக இறங்குபவர்கள் வழுக்கி விழுவது மட்டும் பழைய இடங்களிலேயேதான். தாளில் தேதி எழுத மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடலாம்.

சீப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது

இத்தனை முறை சொல்லியும் தீராத எரிச்சல் இது. பெயரிலேயே சீப்பு இருப்பதால், சீப்பு தெரிந்தால் இந்தக் குடும்பம், தெரியாவிட்டால் வேறு குடும்பம் என்று பிரித்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு.

நான்காம் காலின் கடைசிக் கணுவில், அடிப்பக்கமாக, வளைந்த முள்மயிர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரம்பப் பற்கள். இரை சிக்கியதும் பசைநூலை இழுத்து அதன்மேல் வீசுவதற்கான கருவி இது. மேலிருந்து பார்த்தால் மற்ற மயிர்களோடு கலந்து மறைந்துவிடும். காலைப் பக்கவாட்டில் கிடத்தி, அடியில் கறுப்புப் பின்னணி வைத்து, ஒளியைச் சாய்வாக விட்டு, குறைந்தது 40 மடங்கு பெரிதாக்குங்கள். அப்போதும் சந்தேகமென்றால் காலைக் கிளிசரினில் வைத்து 200 மடங்கில் பாருங்கள். ரம்பப் பல் தெரிந்தால்தான் அது சீப்பு.

இவ்வளவு செய்தும் சில ஆண் சிலந்திகளிலும் மிகச் சிறிய இனங்களிலும் சீப்பு பிடிபடாது. எறும்பு வேட்டையாடும் யூரியோபிஸ் போன்ற பேரினங்களிலும் அதை நம்பி உட்கார முடியாது. மறுபக்கம், குகைகளில் அதிகம் காணப்படும் நெஸ்டிசிடே குடும்பத்துக்கும் நான்காம் காலில் இதே சீப்பு உண்டு. பிரித்துக்காட்டுவது கீழுதடுதான்: நெஸ்டிசிடேயில் அதன் முன்விளிம்பு வரம்பு கட்டியதுபோல் தடித்திருக்கும், தெரிடியிடேயில் தடிப்பு இருக்காது. ஆணாக இருந்தால், வாயருகே சிறு கால்போல் நீண்டு இனச்சேர்க்கைக்குப் பயன்படும் பால்ப்பையும் பாருங்கள். நெஸ்டிசிடேயில் பாராசிம்பியம் என்னும் பால்ப்பின் பக்க நீட்சி அடிப்பகுதியில் பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கும், தெரிடியிடேயில் சிறு கொக்கியாகவோ மடிப்பாகவோ சுருங்கியிருக்கும்.

ஆகவே கீழுதட்டை முதலில் பாருங்கள், அடுத்து பால்ப், கடைசியாகச் சீப்பு. தவறான குப்பிக்குள் போன சிலந்தியை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பிழை பரவல் பட்டியலில் ஏறி, அங்கிருந்து அடுத்த பட்டியலுக்கும் போகும்.

நிறத்தை வைத்துப் பெயரிடுவது

எனோப்ளோக்னாதா ஒவாட்டா என்ற இனத்தில் வெறும் வெளிர்மஞ்சள், இரண்டு சிவப்புக் கோடுகள், முழுச் சிவப்பு என மூன்று வடிவங்கள் உண்டு. 1757-இல் ஸ்வீடன் நாட்டுச் சிலந்தி ஆய்வாளர் கிளெர்க் இவற்றுக்கு மூன்று தனிப்பெயர்களே கொடுத்துவிட்டார். இதற்கு நேர்மாறாக, அச்சாக இதைப் போலவே இருக்கும் எனோப்ளோக்னாதா லாட்டிமானா 1982-இல்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது, அதுவும் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை வைத்து. போதாததற்கு, ஆல்கஹாலில் சிவப்பும் பச்சையும் வெளுத்துவிடும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

முதிராத சிலந்திக்கு இனப்பெயர்

வேண்டாம். பேரினத்தோடு நிறுத்துங்கள்.

கறுப்பாக உருண்டிருந்தால் விதவைச் சிலந்தி

இதே குடும்பத்தின் ஸ்டீயடோடா பேரினமும் அப்படித்தான் இருக்கும். கண்களைப் பாருங்கள்: விதவைச் சிலந்திப் பேரினமான லாட்ரோடெக்டஸில் பக்கக் கண்கள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கும், ஸ்டீயடோடாவில் ஒட்டியிருக்கும். வயிற்றின் அடியிலுள்ள மணற்கடிகாரக் குறியை மட்டும் தேடினால் ஏமாறுவீர்கள். சில இனங்களில் அது உடைந்தோ மங்கியோ இருக்கும்.

கொலுலஸைப் பார்க்காமல் விடுவது

முன் நூற்பு உறுப்புகளுக்கு முன்னால் உள்ள சின்னப் புடைப்பு இது. ஸ்டீயடோடாவில் பெரிதாக இருக்கும், தெரிடியானில் இருக்காது. 500-க்கும் மேற்பட்ட இனங்கள் குவிந்துகிடக்கும் தெரிடியான் பேரினத்தில் எதையும் தள்ளுவதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடலாம்.

எபிஜைனை அதிகமாக வேகவிடுவது

எபிஜைன் என்பது பெண் சிலந்தியின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பு. உள்குழாய்கள் தெரிய, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், இளஞ்சூட்டில், சில நிமிடங்களே போதும். இரவு முழுக்க விட்டால் உள்குழாய்களும் வெளிறி, சுற்றுகளை எண்ண முடியாமல் போகும். வெட்டியெடுத்த பகுதியைச் சிறு குப்பியில் போட்டு, சிலந்தி இருக்கும் அதே குப்பிக்குள் வையுங்கள்.

பழைய பெயரில் தேடுவது

1841-இல் ஜெர்மன் ஆய்வாளர் கோக் விவரித்த டெபிடேரியோரம் என்ற இனம் முதலில் தெரிடியான் வட்டத்தில் இருந்து, பிறகு அக்கேயரானியாவுக்குப் போய், 2006 முதல் பாராஸ்டீயடோடாவில் இருக்கிறது. உலகச் சிலந்திப் பட்டியலில் பழைய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஒரு பால்ப் இல்லையென்றால் உடைந்த மாதிரி

டிடாரென் பேரினத்து ஆண் முதிர்வதற்கு முன் தன் பால்ப் ஒன்றைத் தானே கழற்றிவிடும். தூக்கிப் போடாதீர்கள்.