பழைய கைப்பேசியைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? முதலில் கேபிளைப் பாருங்கள்

தோ பாயோவில் இருக்கும் என் பெரியம்மா போன மாதம் ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். பெரியப்பா வைத்திருந்தது. அவர் போன பிறகு பெரியம்மா அதையே பயன்படுத்தினார். 2024-இல் சிங்கப்பூரில் 3ஜி சேவையை நிறுத்தியபோது அதில் அழைப்பு வருவது நின்றுபோனது. 4ஜி வழியாகப் பேசும் வசதி அந்தக் காலத்துக் கைப்பேசியில் இல்லை. அன்று அலமாரிக்குள் போனதுதான். ஆனால் உள்ளே பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள் இருந்தன, பெரியப்பாவின் குரலும் இருந்தது.

கணினியில் செருகினால் சார்ஜ் ஏறியது, கைப்பேசி மட்டும் கணினித் திரையில் வரவே இல்லை. ஒரு பழுதுபார்க்கும் கடையில் கேட்டதற்கு "போர்டு போயிடுச்சு, தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். போர்டு, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை, போகவில்லை. கேபிளில்தான் கோளாறு.

உங்கள் வீட்டு இழுப்பறையிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். கீழே உள்ள வரிசையிலேயே முயன்று பாருங்கள். வெளியே இருப்பதை முதலில் சோதித்துவிட்டு, கைப்பேசிக்குள் இருக்கும் அமைப்புகளைப் பிறகு தொடுவதே என் வழக்கம்.

தொடங்கும் முன்

கைப்பேசியின் பின்மூடி உப்பியிருக்கிறதா? திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இந்த ஒன்றில் மட்டும் நீங்களே செய்து பார்க்கும் எண்ணம் வேண்டாம்.

பேட்டரி சரியாக இருந்தால் சுவர் பிளக்கில் போட்டு அரை மணி நேரமாவது சார்ஜ் ஏற விடுங்கள். மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி உடனே உயிர்பெறாது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். படங்கள் கணினிக்கு வந்து சேரும்வரை 'ஃபேக்டரி ரீசெட்' பக்கமே போகாதீர்கள். யாராவது "ரீசெட் பண்ணா சரியாயிடும்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். இணைப்பு ஒருவேளை சரியாகும், படங்கள் போய்விடும்.

படி 1: கேபிள்

நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய கைப்பேசிகளுக்கான சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரம், பச்சையும் வெள்ளையும் தரவு. கைவிசிறி, மேசை விளக்கு, பவர் பேங்க் போன்றவற்றோடு இலவசமாக வரும் கேபிள்கள் பலவற்றில் தரவுக் கம்பிகளே இருக்காது. அவற்றுக்குச் சார்ஜ் ஏறினால் போதும். இப்படிப்பட்ட கேபிளில் கைப்பேசியைச் செருகினால் பேட்டரி குறியீடு மின்னும், நாமும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். கணினிக்கோ அங்கே ஒரு கைப்பேசி இருப்பதே தெரியாது.

வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதே கேபிளால் வேறொரு கைப்பேசியையோ கேமராவையோ கணினியுடன் இணைத்துப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் கேபிளை ஒதுக்கிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது சிம் லிம் ஸ்கொயரிலோ தேக்காவில் உள்ள கடைகளிலோ "சார்ஜிங் கேபிள்" என்று கேட்காமல் "டேட்டா கேபிள்" என்று கேளுங்கள். ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது.

முனையின் வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2010-களின் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலும் மைக்ரோ யுஎஸ்பி. ஒரு பக்கமாக மட்டுமே செருக முடியும், திருப்பி அழுத்தினால் உள்ளே உள்ள நாக்கு உடைந்துவிடும். சாம்சுங் கேலக்ஸி எஸ்5, நோட் 3 ஆகியவற்றில் இரண்டு துளைகள் ஒட்டியதுபோல் அகலமான வாய் இருக்கும். அதற்கென்று தனிக் கேபிள் தேடி அலைய வேண்டாம், அகலமான பகுதியில் சாதாரண மைக்ரோ யுஎஸ்பியே பொருந்தும். ஐபோன் 5-இலிருந்து 14 வரை லைட்னிங், அதற்கு முந்தியவற்றுக்கு அகலமான 30 முனைக் கேபிள்.

படி 2: கைப்பேசியின் வாய்

சட்டைப்பையில் இருந்த பஞ்சு ஆண்டுக்கணக்கில் துளைக்குள் அமுங்கி அடையாகிவிடும். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஆடினால் காரணம் அதுதான்.

கைப்பேசியை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மரப் பல்குச்சியின் நுனியைச் சீவி மெல்லியதாக்கி, ஓரமாக விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம், உள்ளே உள்ள தொடுமுனைகளை அவை கீறிவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். நம் ஊர் காற்றில் ஏற்கெனவே போதுமான ஈரம் இருக்கிறது. தொடுமுனைகளில் பச்சை நிறப் படிவு தெரிந்தால் அது உலோக அரிப்பு. அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

படி 3: கணினியின் துளை

யுஎஸ்பி ஹப், விசைப்பலகையில் உள்ள துளை, திரையின் பக்கத்துத் துளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் கணினியிலேயே செருகுங்கள். மேசைக்கணினி என்றால் பின்பக்கத் துளை. ஒன்றில் வரவில்லை என்றால் இன்னொன்று.

செருகும்போது காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினி 'டிங்' என்று ஓர் ஒலி எழுப்புகிறதா? (ஒலியளவைக் கூட்டி வைத்திருங்கள்.) ஒலி வந்தால் கம்பி வழியாகப் பேச்சு நடக்கிறது, சிக்கல் அமைப்புகளில் இருக்கிறது, படி 4-க்குப் போங்கள். சார்ஜ் ஏறியும் ஒலி வரவில்லை என்றால் பெரும்பாலும் கேபிளோ துளையோதான். கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்த ஓர் ஒலி உங்களுக்கு ஒரு மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

படி 4: கைப்பேசியிடம் அனுமதி

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிளைச் செருகியதும் கைப்பேசி தானாகவே சார்ஜ் மட்டும் செய்யும். தரவைத் திறந்துவிட நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு இது. பொது இடத்தில் சார்ஜ் போடும்போது முன்பின் தெரியாத கணினி உங்கள் படங்களைப் பார்த்துவிடக் கூடாது அல்லவா?

கேபிளைச் செருகிய நிலையிலேயே கைப்பேசியின் பூட்டைத் திறங்கள். கடவு எண் போடாமல் கணினியில் கோப்புறை தெரிந்தாலும் உள்ளே காலியாகத்தான் இருக்கும். திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் அறிவிப்புகள் வரும். அங்கே 'யுஎஸ்பி' என்று தொடங்கும் வரியைத் தட்டி, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' அல்லது 'எம்டிபி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒன்றுதான், கைப்பேசியின் கோப்புகளைக் கணினிக்குக் காட்டும் முறை. 'பிடிபி' என்றும் ஒன்று இருக்கும், அது படங்களை மட்டும் காட்டும். எம்டிபி பிடிவாதம் பிடித்தால் அதை முயலலாம்.

மிகப் பழைய ஆண்ட்ராய்டு 2.3 கைப்பேசியாக இருந்தால் 'டர்ன் ஆன் யுஎஸ்பி ஸ்டோரேஜ்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஐபோனில் 'டிரஸ்ட்' என்று கேட்கும், ஒப்புக்கொண்டு கடவு எண்ணைப் போடுங்கள். தெரியாமல் மறுத்திருந்தால் கேபிளைக் கழற்றி மீண்டும் செருகினால் திரும்பவும் கேட்கும்.

அறிவிப்பே வரவில்லையா? செட்டிங்ஸில் 'அபௌட் ஃபோன்' சென்று 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டுங்கள். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்று புதிய பகுதி திறக்கும். அதில் 'யுஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்பதை எம்டிபிக்கு மாற்றுங்கள். அங்கேயே இருக்கும் 'யுஎஸ்பி டீபக்கிங்' பொத்தானைத் தொட வேண்டாம். படம் எடுக்க அது தேவையே இல்லை.

படி 5: கணினிப் பக்கம்

இதுவரை சரிவரவில்லை என்றால் விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். பட்டியலில் மஞ்சள் முக்கோணம் போட்ட வரி ஏதாவது இருக்கிறதா? கேபிளைக் கழற்றினால் அந்த வரி மறைந்து, செருகினால் திரும்பி வந்தால் அதுதான் உங்கள் கைப்பேசி. வலது சொடுக்கில் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கேபிளைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் செருகுங்கள்.

அப்படியும் முக்கோணம் போகவில்லை என்றால் அதே வரியில் 'அப்டேட் டிரைவர்' சென்று, கணினியிலேயே தேடும் இரண்டாவது வழியைத் தேர்ந்து, பட்டியலிலிருந்து 'எம்டிபி யுஎஸ்பி டிவைஸ்' என்பதைக் காட்டுங்கள். பெரியம்மாவின் மடிக்கணினியில் கேபிளை மாற்றிய பிறகும் இந்த ஒரு தடை இருந்தது.

விண்டோஸ் பெயருக்குப் பின்னால் 'என்' என்ற எழுத்து இருந்தால் அந்தப் பதிப்பில் ஊடகப் பகுதிகள் இல்லை, எம்டிபியும் வேலை செய்யாது. 'மீடியா ஃபீச்சர் பேக்' என்பதை நிறுவிக்கொள்ளுங்கள். அலுவலக மடிக்கணினியில் முயல்கிறீர்கள் என்றால் நிறுவனமே யுஎஸ்பியை முடக்கியிருக்கக்கூடும். வீட்டுக் கணினிக்கு மாறுவதே நல்லது.

மேக் கணினி எம்டிபியைத் தானாகப் படிக்காது. ஓபன்எம்டிபி என்ற இலவசச் செயலியைப் போட்டால் ஆண்ட்ராய்டு கோப்புகள் தெரியும்.

படி 6: நகலெடுப்பது

கைப்பேசி தெரிந்துவிட்டது என்றதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போடத் தோன்றும். பொறுங்கள். பழைய கைப்பேசி பாதி வழியில் திணறி நின்றால் எது வந்தது, எது வரவில்லை என்றே தெரியாமல் போகும். முதலில் திரை அணையும் நேரத்தை அதிகபட்சமாக மாற்றுங்கள். பிறகு இருநூறு இருநூறு படங்களாக எடுங்கள். 'கட்' வேண்டவே வேண்டாம், 'காப்பி' மட்டும்.

படங்கள் 'டிசிஐஎம்' கோப்புறைக்குள் 'கேமரா' என்பதில் இருக்கும். வாட்ஸ்அப் கோப்புகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய கைப்பேசிகளில் 'வாட்ஸ்அப்' என்ற தனிக் கோப்புறை, அதற்குள் 'மீடியா'. பிந்தியவற்றில் 'ஆண்ட்ராய்டு' கோப்புறைக்குள் 'மீடியா' என்பதைத் திறந்து போக வேண்டும். அங்கே 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். வாரத்துக்கு ஒன்றாகச் சிறு கோப்புறைகள், ஒவ்வொன்றிலும் குரல் பதிவுகள், அனுப்பியதும் வந்ததும் சேர்ந்தே இருக்கும். கோப்புகள் 'ஓப்பஸ்' வகை. விஎல்சி செயலியில் திறந்தால் கேட்கும்.

பெரியம்மா முதலில் திறந்த பதிவு எட்டு நொடிதான். "தேக்காவுலதான் நிக்கிறேன், கறிவேப்பிலை வாங்கட்டுமா?" அதை நாலு முறை கேட்டார். நாங்கள் யாரும் பேசவில்லை.

சில படங்கள் கைப்பேசியில் தெரிந்தும் கணினியில் தெரியாமல் இருக்கலாம். கைப்பேசி தன்னிடம் உள்ள கோப்புகளின் பட்டியலைப் புதுப்பிக்காததே காரணம். அணைத்துத் திறந்து, சில நிமிடம் விட்டுவிட்டு மீண்டும் இணைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கேபிள் வழியே நடக்கவில்லை என்றால்

மெமரி கார்டு இருந்தால் அணைத்துவிட்டு அதை வெளியே எடுத்து கார்டு ரீடரில் போடுங்கள். சில ஆண்ட்ராய்டு 6 கைப்பேசிகளில் கார்டை உள் நினைவகமாகவே மாற்றியிருப்பார்கள். அப்படியானால் அது குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது அந்தக் கைப்பேசி மட்டுமே படிக்கும்படி பூட்டியிருக்கும், கணினியில் திறக்காது. 'ஃபார்மட் செய்யவா' என்று கணினி கேட்டால் மறுத்துவிட்டுக் கார்டைக் கைப்பேசியிலேயே திரும்பப் போடுங்கள். பத்து இருபது படங்கள்தான் என்றால் புளூடூத் போதும், மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும்.

தனியாகச் செய்யத் தயங்கும் மூத்தோருக்குச் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் கைப்பேசி பயன்படுத்தக் கற்றுத்தருகிறார்கள், கட்டணம் இல்லை. பக்கத்து மன்றத்தில் எந்த நாளில் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

முடிந்ததும்

இரண்டு பக்கமும் கோப்புறையின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அங்கங்கே சில காணொளிகளைக் கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த கோப்பு அப்போதுதான் பிடிபடும். இன்னொரு நகலைத் தனி யுஎஸ்பி டிரைவிலோ வன்தட்டிலோ போட்டு, கணினி இருக்கும் வீட்டில் வைக்காமல் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

கைப்பேசி இனி வேண்டாம் என்றால் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்து, இப்போது ரீசெட் செய்து, கடைத்தொகுதிகளில் உள்ள மின்கழிவுத் தொட்டியில் போடலாம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஏற்பாட்டில் 2021 ஜூலையிலிருந்து இந்த முறை நடப்பில் இருக்கிறது. பெரியம்மாவிடமும் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்து, திரும்பவும் சுற்றி, அதே அலமாரியில் வைத்துவிட்டார்.