தகரத் தகட்டில் ஒரு நன்றி: மெக்சிகோவின் காணிக்கை ஓவிய மரபில் தீட்டும் முறை

மெக்சிகோவின் மரபிலிருந்து ஊக்கம் பெற்று ஓவியம் தீட்ட முற்படுகிறவர்களில் பெரும்பாலோர் மண்டையோடு, கள்ளிச்செடி, அகன்ற தொப்பி, செண்டுமல்லி என்று தொடங்குகிறார்கள். அவை அந்நாட்டுக்கு உரியவைதாம்; ஆனால் தீட்டுகிறவரின் வாழ்வோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வந்து சேரும்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகின்றன. மரபையும் சொந்த உணர்வையும் ஒரே படத்தில் இணைக்க விரும்புகிறவருக்கு எக்ஸ்வோட்டோ எனப்படும் சிறிய காணிக்கை ஓவியத்தையே நான் பரிந்துரைப்பேன். நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ பிழைத்த ஒருவர், தம்மைக் காத்ததாக நம்பும் புனிதருக்கு நன்றி சொல்லும் பொருட்டு, நடந்ததை ஓவியமாகத் தீட்டச் செய்து திருத்தலத்தின் சுவரில் மாட்டிவைப்பது அங்கே பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் வழக்கம். ஹலிஸ்கோ மாநிலத்தின் சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ், சகதேகாஸ் மாநிலத்தின் ப்ளாதெரோஸ் ஆகிய திருத்தலங்கள் இவ்வகை ஓவியங்களுக்குப் பெயர் பெற்றவை.

ஸ்பானியர் வழியாக வந்த இந்த வழக்கம் தொடக்கத்தில் துணியில் ஓவியம் எழுதச் செய்யும் வசதி படைத்தவர்களிடமே பெரிதும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய தகரத் தகடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் உழவர், சுரங்கத் தொழிலாளர், படைவீரர் எனச் சாமானிய மக்களின் கைக்கு அது வந்தது. தீட்டியவர்களில் பெரும்பாலோர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தங்கள் பெயரையும் அவர்கள் எழுதிவைக்கவில்லை. பெயர் நிலைத்த சிலருள் குவானஹுவாத்தோ மாநிலத்தின் புரீசிமா தெல் ரின்கோன் ஊரைச் சேர்ந்த எர்மெனெஹில்தோ புஸ்தோஸ் (1832–1907) முதன்மையானவர். 1891ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தம்மைத் தாமே தீட்டிய அவர், தம்மால் முடிகிறதா என்று பார்ப்பதற்காகத் தீட்டியதாக அந்தப் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தார். தொடங்கத் தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

முதலில் தேர்ந்துகொள்ள வேண்டியது நிறத்தையோ சின்னத்தையோ அன்று. ஒரே ஒரு நிகழ்வை. ‘என் துயரம்’, ‘என் மீட்சி’ போன்ற பொதுவான கருப்பொருள்கள் இந்த வடிவத்துக்கு ஒத்துவருவதில்லை, ஏனெனில் எக்ஸ்வோட்டோ உணர்ச்சியை நேரடியாகக் காட்டுவதே இல்லை. கட்டிலில் கிடப்பவரின் முகம் பெரும்பாலும் சலனமற்று இருக்கும். குதிரையிலிருந்து விழுபவர்கூட அமைதியான முகத்துடனேயே விழுவார். பார்ப்பவரைத் தொடுவது அந்த முகமன்று. எந்த நாள், எந்த ஊர், கட்டிலருகே யார் மண்டியிட்டிருந்தார் என்ற துல்லியமான விவரங்களே. ஆகவே தேர்ந்தெடுத்த நிகழ்வைப் பற்றிய விவரங்களை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: அறையின் சுவர் என்ன நிறம், கதவு எந்தப் பக்கம், யார் யார் இருந்தார்கள், தரையில் என்ன கிடந்தது. நினைவில் இல்லாததை அழகுக்காகச் சேர்க்காதீர்கள்.

அடுத்து, தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, படத்தின் அடியில் இடம்பெறப்போகும் வாசகத்தை எழுதிவிடுவது நல்லது. பலர் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டு, எஞ்சிய ஒரு விரல் அகலத்தில் எழுத்துகளைத் திணிக்கிறார்கள். பழைய தகடுகளில் வாசகம் படத்தின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. அடிப்பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்குங்கள். நாள், இடம், பெயர், நேர்ந்தது, வேண்டிக்கொண்டது, நன்றி என்னும் வரிசையில் மூன்று முதல் ஆறு வரிகளுக்குள் முடியட்டும். உவமையோ அடைமொழியோ வேண்டாம். காவல் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலத்தைப் போல அது வறட்சியாக இருக்கலாம், இருப்பதே நல்லது. சொந்த மொழியில், பேசும் நடையிலேயே எழுதுங்கள்; இரவல் ஸ்பானிய வரிகள் படத்துக்கு எதையும் கூட்டுவதில்லை.

மெக்சிகோவின் புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரீடா காலோ இந்த மரபைக் கையாண்ட விதத்தைக் கூர்ந்து பார்த்தால் விவரங்களின் வலிமை விளங்கும். அவரும் அவருடைய கணவரும் ஓவியருமான தியேகோ ரிவேராவும் ஏராளமான காணிக்கை ஓவியங்களைச் சேகரித்தார்கள். மெக்சிகோ நகரின் கொயோவாகான் பகுதியில் காலோ வாழ்ந்த நீல இல்லத்தில் அவற்றை இன்றும் காணலாம். 1925 செப்டம்பர் 17 அன்று காலோ பயணம் செய்த பேருந்தின்மீது டிராம் வண்டி மோதியது. பல ஆண்டுகள் கழித்து, அதே போன்ற விபத்தைச் சித்திரித்த பழைய தகடு ஒன்று கிடைத்தபோது, அடிபட்டுக் கிடக்கும் பெண்ணின் முகத்தில் தம்முடைய சேர்ந்த புருவங்களை வரைந்து, வண்டிகளின் பெயர்ப்பலகைகளை மாற்றி, தம் பெற்றோர் மாதாவுக்கு நன்றி கூறுவதாக அடியில் எழுதி, அந்தப் படத்தைத் தமதாக்கிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவை மிகச் சிலவே. 1932இல் டெட்ராய்ட் நகரில் கரு கலைந்த பிறகு உலோகத் தகட்டில் அவர் தீட்டிய ஓவியத்திலும் கட்டிலின் விளிம்பில் மருத்துவமனையின் பெயரை எழுதத் தவறவில்லை. ஆனால் அங்கே எந்தப் புனிதரும் தோன்றவில்லை. புனிதர் மிதக்க வேண்டிய வெளியில் கரு, நத்தை, இடுப்பெலும்பு, இயந்திரம் போன்றவை மிதக்கின்றன.

உங்கள் படத்தின் மேல் மூலையில் என்ன வரவேண்டும் என்ற கேள்வியும் இதிலிருந்தே எழுகிறது. மரபில் அந்த இடம் மேகம் சூழ்ந்த மாதாவுக்கோ, ஏசுவுக்கோ, புனிதருக்கோ உரியது. அந்த நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் அதையே தீட்டுங்கள். இல்லையென்றால், பார்வைக்கு மெக்சிகோவாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகக் குவாதலூப்பே மாதாவை அங்கே வைப்பதை நான் ஏற்பதில்லை. கோடிக்கணக்கானோர் வணங்கும் திருவுருவம் அது, படத்தின் ஓரத்தை நிரப்பும் பூவேலை அன்று. அன்று உண்மையில் யாருக்கு நன்றி சொன்னீர்களோ அவரை வையுங்கள். யாருக்கும் சொல்லவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

இனி அமைப்பு. மேலே தெய்வம், நடுவே நிகழ்வு, கீழே வாசகம் என்ற மூன்று தளங்களைப் பென்சிலால் பிரித்துக்கொள்ளுங்கள். தூர அளவுக் கணக்கை இங்கே மறந்துவிடலாம்: தரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கலாம், கட்டிலை மேலிருந்தும் நாற்காலியைப் பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பது போல வரையலாம், முக்கியமானவர் மற்றவர்களைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒரே ஆள் இடப்பக்கம் விபத்தில் சிக்கியும் வலப்பக்கம் மண்டியிட்டு நன்றி கூறியும் இருமுறை வருவதும் உண்டு. வேண்டுமென்றே குழந்தை கிறுக்கியது போல வரைவதுதான் கூடாது. பழைய ஓவியர்கள் தங்களால் இயன்ற அளவு நன்றாகவே தீட்டினார்கள். போலியான வெகுளித்தனம் படத்தில் உடனே தெரிந்துவிடும்.

தகட்டின் தயாரிப்பில்தான் பெரும்பாலான படங்கள் பின்னாளில் உரிந்து போவதற்கான காரணம் இருக்கிறது. பழைய தகடுகள் பெரும்பாலும் 25 × 35 செ.மீ. அளவிலோ, அதில் பாதி அல்லது கால் அளவிலோ இருந்தன. முதல் முயற்சிக்குப் பாதி அளவு போதும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் முதலில் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். மாட்டுவதற்கான துளைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். பின்பு தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையை முழுமையாக நீக்கி, அதன்பின் முகப்பை விரலால் தொடாமல் விளிம்பைப் பிடித்தே கையாளுங்கள். 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் வெள்ளீயப் பூச்சு போய், அடியில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும். உலோகத்துக்கென்று விற்கப்படும் பிரைமர் எனும் அடிப்பூச்சை இரண்டு மெல்லிய பூச்சாக முன்புறமும் பின்புறமும் அடியுங்கள். ஓவியத் துணிக்கு அடிப்பூச்சாகப் பூசும் சாதாரண அக்ரிலிக் ஜெஸ்ஸோ வெறும் உலோகத்தில் சரியாகப் பிடிக்காது. துத்தநாகம் பூசிய தகட்டைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். எண்ணெய் வண்ணத்தில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்புப் படலமாக மாறுவதால், மேலே உள்ள வண்ணம் ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

பிரைமர் காய்ந்ததும் செங்காவியும் பழுப்பும் கலந்த நிறத்தை முழுத் தகட்டிலும் மெல்லிதாகப் பூசுங்கள். பழைய தகடுகள் பலவற்றில் இத்தகைய அடிநிறம் உண்டு. மேலே வரும் நீலமும் சாம்பலும் கதகதப்பாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். பளிச்சிடும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும்தான் மெக்சிகோ என்ற எண்ணத்துக்கு மாறாக, 19ஆம் நூற்றாண்டுத் தகடுகளில் அடங்கிய நிறங்களே மிகுதி. கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கொச்சினீல் சிவப்பு ஓவாஹாக்கா பகுதியின் புகழ்பெற்ற சாயம் என்றாலும், ஓவியத்தில் அது வெளிச்சம் பட்டு வெளிறக்கூடியது. அதே சாயலுக்குக் குவினாக்ரிடோன் சிவப்பு என்னும் செயற்கை நிறமி நெடுங்காலம் நிற்கும். உலோகம் எண்ணெயை உறிஞ்சாததால் வண்ணம் துணியில் காய்வதைவிட மெதுவாகவே காயும். ஆகவே எண்ணெய் குறைந்த மெல்லிய பூச்சை முதலிலும் எண்ணெய் மிகுந்த பூச்சைப் பிறகுமாக இட்டு, ஒவ்வொன்றும் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். பொறுமை குறைந்தவர்கள் பிரைமரின் மேல் அக்ரிலிக் வண்ணத்தையே பயன்படுத்தலாம்.

வாசகத்தை வெளிர்நிறப் பட்டையின் மேல் கருப்பு அல்லது அடர் பழுப்பு நிறத்தில், நீண்ட முடி கொண்ட மெல்லிய தூரிகையால் எழுதுங்கள். வண்ணத்தைச் சிறிது டர்பெண்டைன் விட்டு மை போல இளக்கிக்கொண்டால் எழுத்து தடைபடாது. பென்சில் கோடுகள் இருக்கட்டும், ஆனால் வரிகள் இயந்திரம் அச்சிட்டது போல நேராக இருக்க வேண்டியதில்லை. பழைய தகடுகளில் இறுதி வரிக்கு இடம் போதாமல் எழுத்துகள் நெருங்கிச் சிறுத்திருப்பதை அடிக்கடி காணலாம்.

எண்ணெய் வண்ணம் என்றால் வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதங்களாவது காத்திருங்கள். அக்ரிலிக் என்றால் சில நாட்கள் போதும். இரு வகைக்கும் பளபளப்புக் குறைந்த வார்னிஷே பொருந்தும், ஏனெனில் மின்னும் பரப்பில் சிறிய எழுத்துகளை வாசிப்பது கடினம். காலோ செய்தது போலப் பழைய தகட்டை வாங்கி அதன்மேல் தீட்ட வேண்டும் என்ற ஆசை சிலருக்கு எழக்கூடும். ஆனால் தேவாலயங்களிலிருந்து இவை பெருமளவில் திருடப்பட்டிருக்கின்றன. சந்தைக்கு வரும் தகடு எந்தச் சுவரிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று அரிதாகவே கிடைக்கும். ஆகவே வெறும் தகரத் தகட்டிலேயே தொடங்குங்கள்.