வலது சூலகத்தில் நழுவும் முடிச்சு

கையுறை, முடி மழித்தல், கருவிச் சுத்தம் எல்லாம் கல்லூரியிலேயே பழகிவிடும். வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் புதிதாக கிளினிக் வைத்துப் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. நாங்கள் எல்லாரும் விழுந்த அதே இடங்கள்தான்.

வெட்டு சிறிதாக இருக்கட்டும் என்பது

நாய்க்காரருக்குத் தழும்பு சின்னதாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு விரல் அகலத்துக்குக் கீறுகிறார்கள். இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. புண் ஓரத்தோடு ஓரம் ஒட்டித்தான் ஆறுகிறது, 4 செ.மீ. வெட்டுக்கும் 8 செ.மீ. வெட்டுக்கும் ஆறும் நாள் ஒன்றுதான்.

வலது சூலகம் இடதைவிட முன்னால், ஆழத்தில் இருக்கும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போல நெஞ்சு ஆழமான நாயில் இன்னும் எட்டாது. தொப்புளுக்குச் சற்றுப் பின்னாலிருந்தே கீறாவிட்டால் சூலகம் வெளியே வராது. சூலகத்தை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் தாங்கு தசைநாரை ஆள்காட்டி விரலால் வருடி அறுக்கவும் இடமிருக்காது. எட்டிய வரைக்கும் கிளாம்ப் (நசுக்கிப் பிடிக்கும் கவ்வி) போடுவார்கள். சூலகத் துணுக்கு உள்ளேயே தங்கி, சில மாதத்தில் நாய் மறுபடி பருவத்துக்கு வரும். இல்லையென்றால் குட்டையான காம்பிலிருந்து, அதாவது சூலகத்துக்கு ரத்தக்குழாய் வரும் திசுக் கொத்திலிருந்து, முடிச்சு நழுவும்.

கிளாம்ப் பிடித்திருக்கும்போது காம்பு விசிறிபோல் விரிந்திருக்கும். அதை ஒட்டியே கட்டினால் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. கிளாம்பை எடுத்ததும் தளரும். மூன்று கிளாம்ப் போட்டு, அடியில் உள்ளதைக் கழற்றிக்கொண்டே, அது நசுக்கிய பள்ளத்தில் கட்ட வேண்டும். 15 கிலோ நாய்க்கு 2-0 பருமனில் பாலிகிளாக்டின் (தானே கரையும் தையல் நூல்) போதும், 30 கிலோவுக்கு அதைவிடத் தடிமனான 0. கேட்கட் (விலங்குக் குடலில் செய்த நூல்) ஈரத்தில் உப்பி முடிச்சு இளகும். வெட்டியபின் காம்பின் விளிம்பை மெல்லிய ஃபோர்செப்ஸால் பிடித்து, கிளாம்பைத் தளர்த்தி, ரத்தம் கசிகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். தையல் நுனியைப் பிடித்து இறக்கினால் நீங்களே முடிச்சை உருவுகிறீர்கள்.

நழுவினால் மேல்தையல் காய்ந்தே இருக்கும். ரத்தம் வயிற்றுக்குள் போகும். ஈறு வெளுத்து, நாடி வேகமாகி, நாய் எழாமல் கிடக்கும். "மயக்கம் இன்னும் தெளியலை" என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. உடனே திறந்து, வெட்டை நீட்டி, முன்சிறுகுடலை இடப்பக்கம் ஒதுக்குங்கள். வலது காம்பு கண்ணுக்கு நேரே தெரியும்.

உண்ணிக் காய்ச்சல்

நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணி இல்லாத மாதம் குறைவு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமியால் ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் முடிச்சு சரியாக விழுந்தும் கசியும். தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் கத்தி எடுக்காதீர்கள்.

மே மாதக் குளிர்

வெளியே 40 டிகிரி அடித்தாலும் ஏசி அறையில், இரும்பு மேசையில், மயக்கத்தில் கிடக்கும் நாய் குளிர்ந்துபோகும். அடியில் கம்பளி விரியுங்கள்.

வயிற்றை மூடும்போது

தையலைத் தாங்குவது கொழுப்போ தசையோ இல்லை, வயிற்றுத் தசையின் வெளி உறைதான். ஓரத்திலிருந்து 5 முதல் 10 மி.மீ. விட்டு ஊசி ஏற்றுங்கள்.

காஸ்

ரத்தம் ஒற்றும் துணிகளை முன்பும் பின்பும் எண்ணுங்கள்.

கழுத்துக் கூம்பு

தையல் பிரிக்கும் வரை. இரவிலும்.

வீட்டுக்கு அனுப்புவது

குடியாத்தம், ஆரணி என்று தூரத்திலிருந்து வந்தவர்களை நாய் எழுந்து நின்றவுடன் அனுப்பாதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறு நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, ராத்திரி எடுக்கிற போன் எண்ணையும் கொடுங்கள்.