எல்லையில் படை குவியும்போது: செய்தியைச் சோதிப்பதும் வீட்டில் முடிவெடுப்பதும்

எங்கோ இரண்டு நாடுகளுக்கு இடையே உரசல் என்றால், மறுநாள் காலை எங்கள் மலேசியாவின் சிலிம் ரிவர் ஒட்டுக்கடையில் எல்லார் கைப்பேசியிலும் ஒரே காணொளிதான். டாங்கிகள் வரிசையாகப் போகும், ஒரு குரல் தமிழில் “போர் மூண்டுவிட்டது” என்று சொல்லும். பிள்ளை அந்தப் பக்கம் படிக்கிற, வேலை பார்க்கிற வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த வீடுகளுக்காகத்தான் இது.

புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்ததை உடனே அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். வண்டி தெளிவாகத் தெரிகிற இடத்தில் காணொளியை நிறுத்தி, திரையைப் படம் பிடித்து, படத்தை வைத்துத் தேடும் கூகள் லென்ஸில் போடுங்கள். மூன்று வெவ்வேறு நொடிகளில் எடுத்துப் போட வேண்டும். ஒரு படத்தோடு விட்டால் பழைய காணொளி தப்பிவிடலாம். கடைப் பலகையின் எழுத்து, வண்டி எண், மரத்தில் இலை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜூலை மாதச் சண்டை என்று வந்த காணொளியில் சமவெளி மரங்கள் மொட்டையாக நின்றால், அது பெரும்பாலும் வேறு காலத்துப் படம்.

டாங்கியை எண்ணிப் பயனில்லை. மிரட்டவும் டாங்கி போகும். அதன் பின்னால் என்ன போகிறது என்பதுதான் விஷயம். சங்கிலிச் சக்கரம் நெடுந்தூரம் ஓடினால் தேய்ந்துவிடும் என்பதால், திறந்த ரயில் பெட்டியில் ஏற்றி, முட்டுக்கட்டை வைத்து, கம்பியால் இழுத்துக் கட்டிக் கொண்டுபோவார்கள். கட்டோடு நிற்கும்வரை அது வழியில் இருக்கிறது. இறக்கிக் கட்டவிழ்த்து, பக்கத்தில் எண்ணெய் லாரியும் பாலம் போடும் வண்டியும் வந்து நின்றால் கவலைப்படக் காரணம் உண்டு.

எல்லாவற்றையும்விட இரத்தம் உண்மை பேசும். குளிரில் வைத்தாலும் சிவப்பணு ஏறக்குறைய 42 நாள்தான் தாங்கும். பயிற்சிக்காக யாரும் அதை எல்லையில் பெரிய அளவில் குவிக்கமாட்டார்கள். ரஷ்யா உக்ரேன் அருகே இரத்தம் கொண்டுவந்து வைத்திருப்பதாக அமெரிக்க அதிகாரிகள் சொன்ன செய்தி 2022 ஜனவரி இறுதியில் வந்தது. உக்ரேன் தரப்பிலேயே அதை மறுத்தார்கள். பிப்ரவரி 15 அன்று ரஷ்யா, சில படைகளைத் திருப்பி அழைக்கிறோம் என்றது. பெலாருசில் 20ஆம் தேதி முடிய வேண்டிய கூட்டுப் பயிற்சியோ முடியவில்லை, நீட்டித்தார்கள். 24ஆம் தேதி படையெடுப்பு. அறிக்கையை மட்டும் படித்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஆனாலும், படை குவிந்தாலே போர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2001 டிசம்பர் 13 டில்லி நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா லட்சக்கணக்கான வீரர்களைப் பாகிஸ்தான் எல்லைக்கு நகர்த்தியது. தாக்கும் படைகள் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. அதற்குள் வெளிநாடுகளின் அழுத்தம் வந்துவிட்டது. சுமார் பத்து மாதம் நின்று, 2002 அக்டோபரில் திரும்ப அழைக்க முடிவானது. போர் நடக்கவில்லை.

சில வேளை முதல் அடையாளம் படையில் தெரியாது, எல்லைவாயிலில் தெரியும். 2025 மே 28 அன்று தாய்லாந்து எல்லையில் ஒரு கம்போடிய வீரர் இறந்தார். ஜூன் மாதம் எல்லைவாயில் திறந்திருக்கும் நேரம் சுருங்கியது, கம்போடியா தாய்லாந்து எண்ணெயை நிறுத்தியது. ஜூலை 24 சண்டை வெடித்தது. 28ஆம் தேதி புத்ராஜெயாவில் உட்கார்ந்து பேசித்தான் போர்நிறுத்தம் வந்தது. வரைபடத்தைத் திறந்து தூரத்தையும் பாருங்கள். அந்தச் சண்டை தாய்லாந்தின் கிழக்கு எல்லையில். வேன் பிடித்துத் தெற்கில் உள்ள ஹாட்யாய் போக இருந்தவர்கள் பயந்திருக்கத் தேவையில்லை.

விமானப் பாதையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டபோது கிழக்கு உக்ரேன் வான்வெளி 32,000 அடி வரைதான் மூடியிருந்தது. விமானம் பறந்தது 33,000 அடியில். 298 பேர் போனார்கள். “வான்வெளி திறந்திருக்கிறது” என்பது மட்டும் போதாது. பயணத்துக்கு முந்திய மூன்று நாளில் அதே எண் விமானம் எந்த வழியாகப் பறந்தது என்று, விமானப் பாதையைக் காட்டும் பிளைட்ரேடார்24 இணையதளத்தில் பாருங்கள். சண்டை நடக்கும் நாட்டைச் சுற்றிப் போகவில்லை என்றால் வேறு சீட்டு எடுங்கள்.

முடிவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். 1941 டிசம்பர் 6 அன்றே ஜப்பானியக் கப்பல் வரிசையை விமானத்திலிருந்து பார்த்துவிட்டார்கள். முந்திக்கொண்டு சியாமுக்குள் (இன்றைய தாய்லாந்து) போகலாமா என்று அப்போது மலாயாவை ஆண்ட பிரிட்டிஷார் தயங்கி நிற்கையிலேயே, 8ஆம் தேதி எதிரி கோத்தா பாருவில் இறங்கிவிட்டான். 1942 ஜனவரி 7 விடியலில் ஜப்பானிய டாங்கிகள் இங்கே, துரோலாக் ரப்பர் தோட்டங்களின் ஊடே வந்து சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்தன. கண்ணில் பட்டும் கை நகரவில்லை.

ஆகவே, பிள்ளையோடு பேசி ஒரு தாளில் எழுதுங்கள்: எல்லைவாயில் மூடினால் பெட்டி கட்டுவது, விஸ்மா புத்ரா (மலேசிய வெளியுறவு அமைச்சு) கிளம்பச் சொன்னால் அன்றைக்கே கிளம்புவது, பக்கத்து நாடு தன் தூதரக ஊழியர்களின் குடும்பத்தை அங்கிருந்து அழைத்துக்கொண்டால் விஸ்மா புத்ரா சொல்லும்வரை காத்திராமல் கிளம்புவது. கடப்பிதழில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்க வேண்டும். தங்கியிருக்கும் முகவரியை மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள். வீடு மாறினால் மறுபடி பதியுங்கள். பலரும் விடுவது இங்கேதான். வங்கி அட்டை வேலை செய்யாமல் போகலாம், அதனால் ஒரு வழிச் சீட்டுக்கும் மூன்று நாள் சாப்பாட்டுக்கும் ரொக்கமாக அமெரிக்க டாலர் பிள்ளையின் கையில் இருக்கட்டும். தாளின் ஒரு படி வீட்டில், ஒரு படி பிள்ளையிடம்.