பழைய ரிவால்வர் கைக்கு வந்ததும் செய்யக் கூடாதவை

போன ஆயுத பூஜைக்கு மறுநாள், மேலூர்த் தம்பி ஒருவர் கைபேசியில் படம் காட்டினார். அவருடைய தாத்தா வைத்திருந்த வெப்ளி ரிவால்வர். லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறி மூன்று மாதம்தான் ஆகிறது. "அண்ணே, எப்படித் தேய்ச்சிருக்கேன் பாருங்க, வெள்ளி மாதிரி!" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முப்பது வருடத்துக்கு முன் அப்பாவின் ரிவால்வரில் நான் செய்ததை அப்படியே செய்திருந்தார். இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது இதெல்லாம் லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பளபளப்பாக்குவது

பழைய ரிவால்வரின் கருநீலம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே பக்குவமாக ஆக்சைடாக மாற்றி உண்டாக்கிய மெல்லிய படலம் அது. புளூயிங் என்பார்கள். துருவும் இரும்பு ஆக்சைடு, இதுவும் இரும்பு ஆக்சைடு. அதனால் துருவைக் கரைக்கிறதும் அராவுகிறதும் இதையும் எடுத்துவிடும். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் எலுமிச்சையும் அதைக் கரைக்கும், பித்தளை பாலீஷ் அதை அராவும். கடைசியில் தெரிகிற அந்த வெள்ளி நிறம் வெறும் இரும்பு.

அந்த வெறும் இரும்பின் மேல்தான் ஈரச் சந்தனத்தைக் குழைத்து வைத்தேன், அதன் மேல் குங்குமம். பூஜை முடிந்ததும் துடைத்துவிட்டுத் தோலுறையில் போட்டேன். ஐப்பசி அடைமழை பிடித்தது. கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால், பொட்டு வைத்த மூன்று இடத்திலும் வட்டம் வட்டமாகத் துரு.

சரி, அதோடு விட்டிருக்கலாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து, "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்றேன். அவர் பஃபிங் சக்கரத்தில் வைத்துவிட்டார். துணிச்சக்கரத்துக்கு மேடு பள்ளம் தெரியாது. திருகாணித் துளைகள் கிண்ணம் போலக் குழிந்தன. கூர்மையாக இருந்த விளிம்புகள் கரைந்த சோப்புக்கட்டி போல ஆயின. கம்பெனிப் பெயரில் பாதி எழுத்து போயிற்று, பர்மிங்ஹாமில் சுட்டுச் சோதித்ததற்கான முத்திரை மங்கலாயிற்று. வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தை லென்ஸ் வைத்துத்தான் படிக்க முடிந்தது.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது அந்த இலக்கம் 3-ஆ 8-ஆ என்று கேட்டார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. மெருகு போட்டதில் தேய்ந்தது என்று எழுதிக் கொடுத்து, பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு முடிய எத்தனை நடை நடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அப்புறம் பழைய துப்பாக்கிகளை அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அப்பா நாற்பது வருடம் காப்பாற்றி வைத்ததை நான் ஒரே வாரத்தில் கெடுத்தேன். இன்றும் ஆறவில்லை.

"மறுபடி நீலம் ஏற்றிவிட்டால் போயிற்று" என்பார்கள். நிறம் வரும், போன எழுத்து வராது. 1955-இல் வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வரின் ஆழமான நீலத்தைப் பார்த்து எல்லோரும் சொக்குகிறார்கள். அந்த ஆழமே, நீலம் ஏற்றுவதற்கு முன் கைதேர்ந்தவர்கள் இரும்பைத் தட்டையும் விளிம்பும் கெடாமல் மெருகிட்டதால் வந்தது. தேய்ந்த இரும்பின் மேல் அது எப்படி வரும்?

பருத்தித் துணியும் துப்பாக்கி எண்ணெயும் போதும். துருப் புள்ளியை ஓர் இரவு எண்ணெயில் ஊறவிட்டுத் துடையுங்கள். போகாத பழுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அது அதன் வயசு. பூஜைக்கு வைக்கிறீர்களா, பெட்டிக்குப் பொட்டு வையுங்கள்.

தோலுறையிலேயே வைப்பது

தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பு அதில் இருக்கும். எடுத்துச் செல்ல மட்டும் உறை.

தேங்காய் எண்ணெய்

வேண்டாம்.

சினிமா மாதிரி மூடுவது

கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற கம்பெனி ரிவால்வர்களில், தோட்டா போடும் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். மணிக்கட்டைச் சுண்டி மூடினால், சிலிண்டரைத் தாங்கும் கை நாளடைவில் வளையும், தோட்டாவும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. ஸ்மித் அண்ட் வெஸனின் எல் ஃப்ரேம், என் ஃப்ரேம் என்ற பெரிய அளவுகள் போல எவ்வளவு கனமான உடம்பாக இருந்தாலும் அந்தக் கை மெல்லியதுதான். இரண்டு கையால் மூடுங்கள்.

எண்ணைப் பார்த்துத் தோட்டா போடுவது

.38 என்று தோட்டாவின் அளவு போட்டிருந்தால் எல்லா .38-ம் ஒன்றல்ல. வெப்ளி மார்க் 4-க்கும், 1932-இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு நம்பர் 2-க்கும் உரியது .38 ஸ்மித் அண்ட் வெஸன் என்ற தோட்டா. .38 ஸ்பெஷல் அதைவிட நீளம், சற்று ஒல்லி, அழுத்தமும் கூடுதல். சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையை யாரோ துளைத்து நீட்டிய துப்பாக்கியில் அது நுழைந்தே விடும். ஆபத்து அதில்தான்.

"ஆன்டிக்தானே, லைசென்ஸ் எதுக்கு?"

1898 அல்லது அதற்கு முன் செய்தது ஆன்டிக் என்பது அமெரிக்கச் சட்டம். வீடியோ பார்த்துவிட்டு இங்கே பேசாதீர்கள். நம் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி, பரம்பரையாக வந்தாலும் அதே கணக்குதான். பரணில் பழைய ரிவால்வர் கிடைத்தால், முதல் நடை காவல் நிலையத்துக்கு.

மேலூர்த் தம்பி, "நீலம் போட எங்கே கொடுக்கலாம்ணே?" என்று கேட்டார். எங்கேயும் கொடுக்க வேண்டாம் என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எண் முழுசாக இருந்தது. அன்றைக்கே சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் பூசி, உறையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன்.