திவசத் திதி கேட்டால் நாள் சொல்வது எப்படி

"அப்பாவின்ர திவசம் எப்ப வருது, ஐயா?" என்று தொலைபேசியில் கேட்டவுடன் பஞ்சாங்கத்தை விரிக்க வேண்டாம். திவசம் வருவது உயிர் பிரிந்தபோது நின்ற திதியில் (சந்திரக் கணக்கு நாளில்) என்பதால், உயிர் பிரிந்த நேரம், ஊர், ஆண்டு மூன்றையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள திகதி நள்ளிரவில் மாறுவது. பஞ்சாங்க நாளோ சூரிய உதயத்தில் மாறும். 27ஆந் திகதி அதிகாலை 2 மணிக்கு மரணம் என்றால் 26ஆந் திகதிக்குரிய வரியில்தான் தேட வேண்டும்.

ஆண்டைக் கேட்பது கடிகாரத்துக்காக. இலங்கை நேரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணி குறைந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இடையில் நடந்த மரணமானால் அந்த ஒரு மணியையோ அரை மணியையோ கழித்துவிட்டுப் பாருங்கள். அக்காலத்துப் பஞ்சாங்கமே கையிலிருந்தால், எந்த நேரக்கணக்கில் அச்சிட்டார்கள் என்று முன்பக்கத்தில் பார்ப்பது முதல் வேலை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அலை வந்த காலையில் பூரணை நின்றதால் மார்கழிப் பூரணையே திதி. 26ஆந் திகதி நினைவு நாள் வேறு, திவசம் வேறு என்பதை வீட்டாருக்கு விளங்கப்படுத்திவிடுங்கள்.

வெளிநாட்டு மரணத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றியே திதி பார்க்க வேண்டும். திதி முடியும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். லண்டன் நேரத்தோடு குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் கூட்டுங்கள். ரொறன்ரோவுக்குப் பத்தரை, ஒன்பதரை.

அதிகம் பிசகுவது நாழிகையில். பஞ்சாங்கத்தில் 18.20 என்றிருந்தால் அது மாலை 6.20 அல்ல, உதயத்திலிருந்து 18 நாழிகை 20 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம், விநாடிக்கு 24 செக்கன். ஆக 7 மணி 20 நிமிடம். உதயம் 6.10 என்றால் திதி பகல் 1.30க்கு முடிகிறது. திவசத்துக்குத் திதி அபரான்னத்தில் நிற்க வேண்டும். பகலை ஐந்தாகப் பிரித்தால் நாலாம் பங்கு அது. பகல் 11 மணி 50 நிமிடமானால் 1.16 முதல் 3.38 வரை. அன்றைக்குத் திதி 14 நிமிடமே நிற்கிறது. முதல் நாள் 1.50க்குத் தொடங்கியிருந்தால் அங்கே ஒன்றே முக்கால் மணிக்கு மேல் கிடைக்கும். ஆகவே முதல் நாளே திவசம். மாலை 6.20 என்று வாசித்தவர் மறுநாளைச் சொல்லிவிடுவார்.

நாழிகையை மணியாக்கும்போது பஞ்சாங்கம் கணித்த ஊரின் உதயத்தை எடுங்கள். அபரான்னத்துக்கு நமது ஊரான திருகோணமலையின் உதயம். யாழ்ப்பாணத்தைவிட நாம் கிழக்கே இருப்பதால் அந்த வகையில் மட்டும் ஏறத்தாழ 5 நிமிட வித்தியாசம். செயலியில் பார்ப்பவர்கள் ஊர் சென்னையில் நிற்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். பல செயலிகள் திருக்கணிதம், அதாவது இன்றைய வானியல் கணிப்பு. பழைய வாக்கிய முறைப் பஞ்சாங்கத்தோடு திதி முடிவு மணிக்கணக்கில் விலகலாம். எதைப் பின்பற்றுகிறார்கள் என்று அந்த வீட்டாரிடமே கேளுங்கள். இரண்டையும் கலந்து ஒரு நாளைச் சொல்வதுதான் மகா தவறு.

ஒரே மாதத்தில் அதே திதி இருமுறை வந்தால் பிந்தியதை எடுப்பதே பெருவழக்கு. முடிவான நாளை மாதம், பட்சம், திதி, எந்தப் பஞ்சாங்கம் என்பதோடு வட்ஸ்அப்பில் எழுதியே அனுப்புங்கள். வாயால் சொன்னால் பூர்வபட்சம் (வளர்பிறை) அபரபட்சமாகிவிடும் (தேய்பிறை).