ரோமானியக் குளியல் மண்டபத்துக்கு ஒரு மாதிரி செய்வது எப்படி?

ஜனவரி மாத விடியலில், இலங்கை மலைநாட்டு ஹட்டன் பக்கம், குழாய் வழியே விழும் ஊற்றுத் தண்ணியான பீலித் தண்ணியில் தலையை நனைத்தவர்களுக்கு, ரோமானியர்கள் வெந்நீர்க் குளியலுக்காக ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மாதிரி செய்கிறவர்கள் எல்லோரும் தூணையும் வளைவையும் அட்டையில் வெட்டி ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை விடுங்கள், விஷயமே தரைக்குக் கீழேதான் இருக்கிறது: வெளியே அடுப்பில் மூட்டிய தீயின் சூடு, குட்டித் தூண்கள் தாங்கும் தரைக்கு அடியில் ஓடி அறையைச் சூடாக்கும். தேயிலை ஃபெக்டரி ட்ரையரில் விறகுப் புகை கொழுந்தைத் தொடாமல் சூடு மட்டும் போய்ச் சேருகிறதே, அதே யோசனைதான் இதுவும்.

ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யலாம். விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்காரர் சொன்ன கணக்குப்படி, தரையைத் தாங்கும் குட்டித் தூண்கள் 2 அடி உயரம், அதற்கான செங்கல் 8 அங்குலச் சதுரம், மேலே மூடும் ஓடு 2 அடிச் சதுரம். நமக்கு 4 சென்டிமீட்டர் சதுரத்தில், 1 சென்டிமீட்டர் கனத்தில் களிமண் கற்கள் வேண்டும். தூணுக்குப் 11 கல், 16 தூண், ஆக 176 கல்! நம்ம ஊர் மூட்டத்தில் இவை லேசில் காயாது, அடுப்புக்கு மேலே மிலாறு விறகு காயப்போடும் பரணில் அடுக்கி ஒரு வாரம் விடுங்கள்.

முதலில் அடித்தளத்தை அடுப்பு வாயை நோக்கிச் சரிவாகப் பூசுங்கள். கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் அது தானாக உருண்டு அடுப்பு வாய்க்கு வந்துவிட வேண்டும். இந்தப் பந்துச் சோதனையும் விட்ருவியஸ் சொன்னதுதான். அப்புறம் தூண்களை, நடுவுக்கு நடு 12 சென்டிமீட்டர் வரும்படி, வரிசைக்கு நாலாக நிறுத்துங்கள். ஒட்டும் சேற்றில் முடி கலந்து பிசையச் சொல்கிறார் மனிதர், சலூனில் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். 12 சென்டிமீட்டர் ஓடுகளின் மூலைகள் தூண்களின் மேல் சந்திக்கும்படி மூடிவிட்டு, சுண்ணாம்பில் செங்கல் தூளைக் கலந்து பூசுங்கள். ரோமானியர்கள் தண்ணீர் ஊறாமலிருக்கப் பூசியதும் இப்படி ஒரு கலவைதான்.

நான் கோட்டை விட்ட இடம் சுவர். நாலு பக்கமும் கெட்டியாக அடைத்துவிட்டுத் தீ மூட்டினேன், புகை முழுக்க முகத்திலேயே திரும்பி அடித்தது. போக வழியில்லாத புகை உள்ளே எப்படி வரும்? அவர்கள் சுவருக்குள் பெட்டி மாதிரியான சுடுமண் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், சூடான காற்று அதன் வழியே ஏறும்போது சுவரும் சேர்ந்து சூடாகிவிடும். குச்சியைச் சுற்றிக் களிமண்ணை அப்பி, கொஞ்சம் இறுகியதும் குச்சியை உருவிவிட்டால் குழாய் தயார். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் நாலைந்து போதும். அடியில் தூண்களுக்கு இடையிலும், மேலே வெளியிலும் திறந்திருக்க வேண்டும்.

கரியை வெளி முற்றத்தில்தான் மூட்டுங்கள், அறைக்குள் வேண்டவே வேண்டாம், கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும். முதல் நாள் சின்னத் தீ, இல்லாவிட்டால் ஈரக் கற்கள் வெடிக்கும். எனக்குத் தரை சுட அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் தீயை அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு போகவில்லை. திரும்பி வந்து பார்த்தால், அக்கா மகன் ஸ்கூல் சொக்ஸை அதன்மேல் காயப்போட்டிருக்கிறான்.